சூடு பார்த்த கை

சீனியம்மாளை அய்யாத்துரை கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு. பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியிருந்தும், அந்த நேரத்துக்குக் கால் தானாகத் தெருவில் இறங்கிவிடும். அன்றைக்கு இறங்கின கால் அவள் வீட்டு வாசலில் போய் நின்றது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இடது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, அந்தக் கருத்த கையில் வெளுத்துப்போன பழைய தழும்பு. பிளாஸ்கிலிருந்து வெந்நீரை டம்ளரில் ஊற்றி அவர் நீட்டினார். அவள் வாங்கினாள், ஆனால் குடிக்கவில்லை. முதலில் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டாள்.

"சூடு பாத்தியா தம்பி?"

"பாத்தேன்க்கா. விரலை விட்டுத்தான் பாத்தேன்."

"பாத்திருப்ப. இருந்தாலும் நானும் ஒருக்காப் பாத்துக்கிடுதேன். உன்னைய நம்ப முடியாதுல்லா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவர் முதுகைத் தடவிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு என்னவென்று தெரிய வேண்டுமானால் முப்பத்தாறு வருஷம் பின்னால் போக வேண்டும், புதுக்குளத்தூர்த் தண்ணீர் நிறம் காட்டிய வருஷத்துக்கு.

அந்த வருஷம் சித்திரை மாதம், ஊருக்கு வடக்கே போட்ட ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏறி, தொட்டியிலிருந்து அய்யாத்துரை வால்வைத் திருப்பத் திருப்பத் தெருத்தெருவாக இறங்கிய தண்ணீர், விழும்போது எல்லா ஊர்த் தண்ணீரையும் போலத் தெளிவாகத்தான் விழுந்தது. ஆனால் கொஞ்சம் சூடு பட்டதும், முதலில் அரிசி களைந்த தண்ணீர் போல ஒரு நொடி கலங்கியது, கலங்கின இடத்தில் செங்கல் சிவப்பு எழுந்தது, சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகி, நீலம் கத்தரிப்பூ ஊதாவாகி, இன்னும் சூடு ஏறினால் மறுபடி ஒரு நொடி கலங்கி, ஒன்றுமே நடக்காதது போலத் தெளிந்துவிட்டது. ஆறாம் வார்டுக் குழாயடியில் முதலில் பார்த்த பெண்கள் குடத்தைக் கீழே போட்டார்கள்; மறுநாள் பார்த்தவர்கள் போடவில்லை; மூன்றாம் நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, வரிசையில் யார் முன்னால் வந்தது என்பதைப் பற்றித்தான் பேசினார்கள். ஒன்பது நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிற ஊரில், நிறத்தோடு வந்தாலும் வந்ததே என்றுதான் எல்லாருக்கும் இருந்தது.

மதுரையிலிருந்து பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மா வந்தார். தொட்டியின் ஏணியில் அய்யாத்துரைக்குப் பின்னால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். "சில பொருள் உருகும்போது நேராத் தண்ணியா ஆகிறதில்லைங்க, நடுவில ஒரு நிலை இருக்கு. திரவப் படிகம்னு சொல்வோம். தண்ணி மாதிரி ஓடும், ஆனா உள்ளுக்குள்ள வரிசை கலையாது. சுத்துப் படிக்கட்டு மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்கும். சூடு ஏறினா அந்த முறுக்கு இறுகும், நிறம் மாறும். ஒரு அளவுக்கு மேல ஏறினா வரிசையே கலைஞ்சு போயிடும், அப்ப நிறமே இருக்காது" என்று மேலே நின்று சொன்னார். பிறகு தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஆனா வெறும் தண்ணி இப்படிச் செய்யாது" என்றார். "செய்யுதுல்லாம்மா" என்றார் அய்யாத்துரை. "ஆமா, செய்யுது" என்று அவரும் ஒத்துக்கொண்டார். இரண்டு பாட்டிலில் எடுத்துப் போனார். ஊர் எல்லைப் பலகையைத் தாண்டினதும் அது வெறும் தண்ணீராகிவிட்டது. திரும்பி வந்து மறுபடி எடுத்துப் போனார், மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறை பலகைக்கு இந்தப் பக்கமே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பாட்டிலைக் கன்னத்தில் வைத்துப் பச்சை வருவதை ஆசைதீரப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் முறுக்குப் படிக்கட்டு மட்டும் அய்யாத்துரைக்கு நினைவில் நின்றது. கடைசியாகச் சொன்னது நிற்கவில்லை. நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை.

ஊர் தன் பாட்டுக்கு அந்தத் தண்ணீருக்குப் பழகியது. பளபளத்த பாத்திரத்தில் நிறம் எடுக்கவில்லை, பின்னால் கருப்பு இருந்தால்தான் துலங்கியது என்பதால், பெண்கள் பாத்திரத்தின் உட்புறம் அடிப்பிடித்த கறுப்பைத் தேய்ப்பதை நிறுத்தினார்கள். குடை ரிப்பேர்க்காரர் கிழிந்த குடைத்துணியைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்தார். அதை நனைத்து நெற்றியில் போட்டால், பச்சை என்றால் சுகம், நீலம் என்றால் காய்ச்சல், ஊதா என்றால் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு பஸ். டீக்கடையில் "பச்சையில ஒண்ணு, நீலத்துல ரெண்டு" என்று வெந்நீர் கேட்டார்கள். ஒரே சட்டியை நேராகப் பார்த்தவளுக்குப் பச்சையாகவும் சாய்ந்து பார்த்தவளுக்கு நீலமாகவும் தெரிந்ததில் இரண்டு சம்பந்திகள் முடியைப் பிடித்துக்கொள்ள, இனிமேல் உச்சியிலிருந்து பார்த்த நிறம்தான் நிறம் என்று பேரூராட்சியில் தீர்மானமே போட்டார்கள். இப்படி எல்லாம் பழகப் பழக, ஒருத்தரும் தண்ணீரில் விரல் விட்டுப் பார்ப்பதில்லை என்று ஆயிற்று. கண் இருக்கும்போது விரல் எதற்கு?

அதோடு நின்றிருந்தால் குற்றமில்லை. குழாயடியில் ஒரு இரும்புச் சட்டி இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றி அடியில் உள்ளங்கையைக் கொடுத்தால், கையின் சூட்டுக்கு ஏற்றபடி அந்தக் கையின் வடிவத்திலேயே நிறம் எழும். விளையாட்டாக ஆரம்பித்தது அது. பிறகு கைராசி பார்ப்பதாக ஆனது. பச்சை எழுந்தவர்களை விதை போடக் கூப்பிட்டார்கள், தாலிக்கயிறு தொட்டுக் கொடுக்கக் கூப்பிட்டார்கள். சிவப்போடு நின்றவர்களைப் பந்தலில் பின்னால் உட்கார வைத்தார்கள். சீனியம்மாள் கையைக் கொடுத்தபோது ஒன்றுமே எழவில்லை. இரண்டு கையையும் கொடுத்தாள். தண்ணீர் ஒரு நொடி கலங்கியது போல இருந்தது, பிறகு தெளிவாகவே கிடந்தது.

"செத்த கைடீ" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள்.

"நெறம் வராட்டி என்ன, தண்ணி வருதுல்லா" என்று சொல்லிவிட்டுச் சீனியம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் போன நடை அவளுடைய வழக்கமான நடை இல்லை. ஏனென்றால் அந்த வார்டில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள்தான். மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, காலின் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு, முதுகில் தட்டித்தட்டி அவள் ஊற்றுகிற தண்ணீரில் அழுத பிள்ளை தூங்கிப்போகும். கல்யாணம் ஆகி ஆறே மாதத்தில் புருஷன் எங்கோ போய்விட்ட அவளுக்கு மடியில் கிடந்ததெல்லாம் ஊரார் பிள்ளைகள்தான். அந்தச் சட்டிக்குப் பிறகு ஒரு வீட்டிலும் அவளைக் கூப்பிடவில்லை. பச்சைக் கைக்காரிகளைக் கூப்பிட்டார்கள், பிள்ளைகள் அலறின, அதற்கும் பழகிக்கொண்டார்கள்.

வைகாசியில் அய்யாத்துரையின் மனைவி கனகமணிக்கு நாள் இருக்கும்போதே வலி கண்டது. எட்டு வாரம் முந்திப் பிறந்த பெண், ஒன்றரைக் கிலோ, உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே அடங்கியது. மூன்றாம் நாள் கனகமணி போனாள். போவதற்கு முன்னால் பிள்ளையின் காலை மட்டும் பிடித்துப் பார்த்து, "குளுந்து கெடக்கு, மூடுங்க" என்று சொன்னாள். அவளிடமிருந்து அய்யாத்துரைக்குக் கிடைத்த கடைசிச் சொத்து அந்த ஒரு வேலைதான்: பிள்ளையைக் குளிர விடாமல் வைத்திருப்பது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கொடுத்த பிள்ளையைச் சட்டைக்குள், நெஞ்சோடு கட்டிக்கொண்டு அவர் வால்வு திறந்தார். பூரணி என்று பேர் வைத்தார்கள். அவருடைய அக்கா பேச்சித்தாய் வந்து வீட்டோடு இருந்தாள்.

"இனிமே தண்ணி ஊத்தலாம்னு நர்சம்மா சொல்லிட்டாகல்லா, சீனியம்மாக்காவக் கூப்பிடுவமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"உனக்குப் புத்தி இருக்கா? தாயத் தின்ன புள்ளைக்குச் செத்த கை வேற வேணுமாக்கும்?"

அவர் பேசாமல் இருந்துவிட்டார். அப்படிப் பேசாமல் இருந்ததை அவர் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினோரு மணி. காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் காலையிலேயே பிள்ளைக்கென்று முற்றத்து அடுப்பில் கரிச்சட்டி நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள். பிள்ளை பால் குடிக்காமல் சிணுங்கவும் குளியலை விட்டுவிட்டு உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். அடுப்பில் கங்கு பூத்துக் கிடந்தது, சட்டி அதன் மேல் கிடந்தது. தண்ணீர் சிவந்ததையும் பச்சையானதையும் நீலமானதையும் பார்க்க ஆளில்லை. அய்யாத்துரை மூன்றாம் வார்டு வால்வை மூடிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது பேச்சித்தாய் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைப் போட்டிருந்தாள். நெற்றியில் போட்ட குடைத்துணி நீலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் ஊதாவாகியது.

"ஏ துரை, நெருப்பாக் காயுதுடா! கைகால் வெட்டி இழுக்குதுடா! குளுந்த தண்ணி எடுத்து உச்சியில ஊத்து, ஊத்துடா!"

அவர் திரும்பினார். சாம்பல் மூடின அடுப்பு அணைந்ததுபோல இருந்தது, அதன் மேல் சட்டியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கிடந்தது. நிறம் இல்லை. நிறம் இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீர். நாலு மாதமாக ஊரே அப்படித்தான் வாழ்ந்தது. வேகாத வெயிலில் ஆவியும் கண்ணில் படவில்லை. பிளாஸ்டிக் கப்பின் காதைப் பிடித்து ஒரு கப் மொண்டார். பிள்ளையின் தலைக்கு மேல் கொண்டுபோனார். சாய்த்தார்.

பிள்ளையின் அழுகை மாறிப்போனதைக் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்த சீனியம்மாள், அவர் மொள்ளும்போதே வாசல் தாண்டியிருந்தாள். அவளுக்கும் தண்ணீர் தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர் மொண்ட சத்தம் அவள் காதில் விழுந்தது. குளிர்ந்த தண்ணீரை மொண்டால் கணீரென்று கேட்கும். சுடுதண்ணீரை மொண்டால் சத்தம் மெத்தென்று அமுங்கிக் கேட்கும். இருபது வருஷம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் விளாவின காதுக்கு அது தெரியும். கூப்பிட்டுச் சொல்ல நேரமில்லை. கப்புக்கும் பிள்ளைக்கும் நடுவில் இடது கையை நீட்டினாள்.

ஒரு கப் தண்ணீரும் அந்தக் கையில் விழுந்தது. அவள் கையை இழுக்கவில்லை; தண்ணீர் பிள்ளையின் மேல் சிதறாமல் முழங்கைப் பக்கம் வழியும்படி கையைச் சாய்த்துக் கொடுத்தாள். விழும்போது தெளிவாக விழுந்த தண்ணீர் அவள் கருத்த கையில் ஓடி ஆறும்போது முதலில் கலங்கியது, கலங்கின இடத்தில் ஊதா எழுந்தது, ஊதா நீலமானது, நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளாகிச் சிவந்து, மணிக்கட்டில் மறுபடி வெறும் தண்ணீராகிச் சொட்டியது. அவ்வளவு நிறத்தை அந்த ஊரில் எந்தச் சட்டியிலும் யாரும் பார்த்ததில்லை.

"சூடு பாக்கலையா தம்பி?" என்றாள் சீனியம்மாள்.

அவர் கையிலிருந்து கப் விழுந்தது.

அவள் வெந்த கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறு கையால் மண்பானைத் தண்ணீரில் துணியை நனைத்து, முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பிறகு பிள்ளையின் நெற்றியில், கழுத்தில், கக்கத்தில் மாற்றி மாற்றி ஒற்றினாள். பேச்சித்தாய் அசையாமல் காலை நீட்டியபடியே இருந்தாள். ஊதா நீலத்துக்கு இறங்கியது. நீலத்திலேயே வெகுநேரம் நின்றது. பிறகு துணியின் நடுவில் ஒரு காசு அளவுக்குப் பச்சை வந்தது. "இப்பத் தூக்கு, பஸ்ஸுக்குப் போ" என்றாள். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஊசி போட்டார்கள், அவளுக்குக் கட்டுப் போட்டார்கள். அடுத்தடுத்த பெஞ்சில் இரண்டு பேரும் இருந்தார்கள். அய்யாத்துரை நடுவில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

நாலு நாள் அவர் தூங்கவில்லை. கையில் ஓடிய நிறங்களின் வரிசைதான் கண்ணுக்குள் ஓடியது. குளிர்ந்த தண்ணீர் சூடாகும்போது முதலில் வருவது சிவப்பு. சூடான தண்ணீர் ஆறும்போது முதலில் வருவது ஊதா. மதுரை அம்மா தொட்டியின் மேல் நின்று கடைசியாகச் சொன்னது அப்போதுதான் திரும்பி வந்தது: ஒரு அளவுக்கு மேலே ஏறினால் நிறமே இருக்காது. அப்படியானால் நிறம் இல்லாத தண்ணீர் இரண்டு வகை. அப்படியானால் நிறம் இல்லாத கையும்?

ஐந்தாம் நாள் ஆறாம் வார்டின் முறை. குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. அய்யாத்துரை வால்வுச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து நின்றார், திறக்கவில்லை. இரும்புச் சட்டியைக் கல்லின் மேல் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, வேலை நேரத்துல வித்தை காட்டுதீகளா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா. பாத்தாத்தான் தண்ணி."

"பாக்காட்டி?"

"இன்னும் ஒன்பது நாள்."

ஒரு குடமும் அசையவில்லை. அவர் போய்ச் சீனியம்மாளைக் கூட்டிவந்தார். அவள் கட்டுப் போட்ட கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, "எதுக்குத் தம்பி இதெல்லாம், ஆளுக ஒரு தடவ சிரிச்சது போதாதா?" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள். வலது கையைச் சட்டிக்கு அடியில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தாள். தண்ணீர் கலங்கித் தெளிந்தது.

"பாத்ததுதானே, செத்த கை" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பொறு. இப்பத்தான் இருக்கு. எடுக்கா கைய."

அவள் கையை எடுத்தாள். கை இருந்த இடத்தில் தண்ணீர் கலங்கியது. அதில் ஐந்து விரலோடு ஊதா எழுந்தது. ஊதா நீலமாயிற்று, நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாகிச் சிவந்து அடங்கியது. மற்றவர்கள் கையை எடுத்தபோதெல்லாம் பச்சை சிவந்து மறையும், அவ்வளவுதான். இந்தக் கை கண் பிடிக்காத வேகத்தில் எல்லா நிறத்துக்கும் மேலே போயிருந்தது, இறங்கி வரும்போதுதான் தெரிந்தது. அவள் கையை எடுத்த பிறகு யாரும் இது வரை நின்று பார்த்ததில்லை. அய்யாத்துரை குனிந்து வால்வைத் திறந்தார். தண்ணீர் வந்தது. முதல் குடத்துக்குச் சொந்தக்காரி தன் குடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வரிசைக் கடைசியில் இருந்த சீனியம்மாளின் குடத்தை எடுத்துக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.

"செத்த கைன்னு சொன்னது யாருட்டீ?" என்று கேட்டாள் வரிசையில் நின்ற பேச்சித்தாய், தான் சொன்னதே இல்லை என்பது போல. எல்லாரும் சிரித்தார்கள். சீனியம்மாளும் சிரித்தாள்.

"கட்டு அவுக்கட்டும், ஒவ்வொரு வீடா வாரேன்" என்றாள். "மொதல்ல துரை வீடு. அவன் ஊத்துற லட்சணத்தப் பாத்தாச்சு."

அதற்குப் பிறகு புதுக்குளத்தூரில் நிறம் பார்த்தவர்கள் விரலும் விட்டுப் பார்த்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் தண்ணீர் வந்தது, சூடு பட்டது, சூடானது, நிறம் வரவில்லை. இரண்டு வாரம் டீக்கடையில் ஆட்கள் நாக்கைச் சுட்டுக்கொண்டார்கள். குடைத்துணிகள் கைப்பிடித் துணியாகின. வேறு கஷ்டம் ஒன்றும் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சீனியம்மாளின் கை வழக்கம்போல இருந்தது. அவள் காலில் கிடந்த பிள்ளைகள் வழக்கம்போலத் தூங்கிப்போயின. பூரணிக்கு அவள் ஊற்றினாள், பூரணி பெற்ற இரண்டுக்கும் ஊற்றினாள். அய்யாத்துரை நூலகத்தில் திரவப் படிகம் பற்றித் தமிழில் இருந்ததையெல்லாம் தேடிப் படித்தார். தெளிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏன் கலங்குகிறது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தது. அவருக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். மறு கல்யாணம் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் வால்வு திறக்க நேரமாயிற்று என்று எழுந்து போனார். குறை என்று எதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. கனகமணியும் சீனியம்மாக்காவுமாகக் கொடுத்தவர்கள் இரண்டு பேர், வாங்கினது ஒரே பிள்ளை, அதற்கு மேல் என்ன கேட்பது என்று ஒரு முறை பேச்சித்தாயிடம் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை இரவு சீனியம்மாள் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை, உடலைக் குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் கொண்டுவரும் நீர்மாலை எடுக்க அவளுக்கு ரத்த உறவில் ஆளில்லை. வார்டிலிருந்து பதினேழு பெண்கள் குடம் எடுத்தார்கள், பதினேழு பேரும் அவள் காலில் கிடந்தவர்கள். குளிப்பாட்டும்போது ஆண்கள் வெளியே நின்றார்கள். மறைப்புக்குக் கட்டிய சேலைக்கு அப்பால் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு ஊற்றுகிற சத்தம் கேட்கவில்லை.

"என்னம்மா நிக்க? ஊத்து" என்றது ஒரு குரல்.

"இருங்க சித்தி" என்றாள் பூரணி. "சூடு பாத்துக்கிடுதேன்."

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

இடது கையின் தழும்பு அன்று சாயங்காலம் அவளோடு எரிந்துபோயிற்று. பூரணிக்கு இப்போது முப்பத்தாறு வயது. உடம்பில் எங்கும் தீக்காயத் தழும்பு கிடையாது.